ஓர் எலும்பு பெயர் பெறும் வரலாறு

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில், பாண்டிய நாட்டு முத்து வாணிபத்தின் தலைவாயிலாக ஒரு காலத்தில் விளங்கிய கொற்கை, இன்று அலையோசை எட்டாத சிற்றூராக, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இடையில், கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளடங்கி நிற்கிறது. ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்து குவித்த வண்டலால் கரை கிழக்கே நகர நகர, துறைமுகமும் அதனைப் பின்தொடர்ந்து காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் இடம் பெயர்ந்தது. மனித சரித்திரத்தின் அளவில் மிகப் பெரிதாகத் தோன்றும் இந்த இரண்டாயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே கடலும் நிலமும் இவ்வளவு எல்லை மாறியிருக்குமானால், பத்துக் கோடி ஆண்டுகளில் எத்தகைய மாறுதல்கள் நிகழ்ந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இன்று புன்செய்க் காடும் சுண்ணாம்புக்கல் சுரங்கமுமாகக் காணப்படும் அரியலூர், பெரம்பலூர்ச் சீமையில் அக்காலத்தில் கடல் பரவியிருந்தது. அக்கடலில் சிப்பி வகைகளும் சங்கு வகைகளும் மட்டுமன்றி, இன்று உலகில் எங்குமே உயிரோடு காண இயலாத பெரிய ஊர்வனப் பிராணிகளும் நீந்தித் திரிந்தன. அப்பிராணிகளின் எலும்பு ஒன்று கிடைக்கும்போது, அது இன்ன குலத்தது, இன்ன இனத்தது, இதற்கு முன் எவரும் அறியாத புதிய இனத்தது என்றெல்லாம் விஞ்ஞானிகள் எவ்வாறு நிர்ணயிக்கிறார்கள், அந்த நிர்ணயம் எந்த அளவுக்கு உறுதியானது என்பதே இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயப் புகும் பொருள்.

மன்னார் வளைகுடாவில் இன்றும் ஊர்வன வாழ்கின்றன. பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்னும் ஐவகைக் கடலாமைகளும், வலையில் மீனோடு சிக்கிவரும் கடற்பாம்புகளும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே. நிலத்தில் வாழ்ந்த முன்னோரின் சந்ததியாய்ப் பிறந்து பின்னர் கடலுக்குத் திரும்பிச் சென்ற இவை, மீன்களைப் போல நீரிலிருந்தே பிராணவாயுவைப் பிரித்துக்கொள்ள வல்லன அல்ல. மூச்சு வாங்குவதற்கு மேற்பரப்புக்கு வந்தே தீர வேண்டும். ஆயினும் இன்றைய கடலில் ஊர்வனவற்றின் பங்கு மிகச் சிறிது. சற்றேறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற நெடிய காலத்திலோ, இன்று சுறாவும் திமிங்கிலமும் வகிக்கும் ஸ்தானத்தில் பெரும்பாலும் ஊர்வனவே ஆட்சி செலுத்தின.

அவற்றுள் மூன்று குலங்களை வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். மீனின் உருவத்தை அடைந்து, செங்குத்தான வால் துடுப்பால் நீரை உந்தி விரைந்தவை இக்தியோசார்கள். இவை முட்டையிடக் கரையேறாமல் கடலிலேயே குட்டிகளை ஈன்றன என்பதற்கு, தாயின் வயிற்றெலும்புகளுக்குள் குட்டியின் எலும்புகளும் சேர்ந்து கல்லாகிப்போன எச்சங்களே பிரத்தியட்ச சாட்சியாக இருக்கின்றன. நான்கு துடுப்புக்கால்களையும் அசைத்து நீந்தியவை பிளீசியோசார்கள். அவற்றுள் சில மிக நீண்ட கழுத்தும் சிறு தலையும் கொண்டவை, வேறு சில குறுங்கழுத்தும் பெருந்தலையும் கொண்டவை. மூன்றாவதான மோசசார்கள், உடும்புக்கும் பாம்புக்கும் உறவானவை. கிரிட்டேஷியஸ் யுகத்தின் பிற்பகுதியில் தோன்றி, அந்த யுகத்தோடேயே மறைந்தவை. பத்திரிகைகள் இம்மூன்றையும் டைனோசார்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. டைனோசார்கள் வேறொரு கிளையினம், இவற்றோடு அவற்றுக்கு நெருங்கிய உறவு இல்லை.

இனி எலும்புக்கு வருவோம். 1973 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாட்டுக் கரையில் 147 திமிங்கிலங்கள் கூட்டமாக வந்து ஒதுங்கி மாண்டன. 2016 ஆம் ஆண்டு ஜனவரியில் அதே கரையோரத்தில் மறுபடியும் எண்பதுக்கு மேற்பட்டவை ஒதுங்கின. இவ்வாறு ஒதுங்கிய பிராணியின் தோலும் தசையும் அழிந்தபின் மணலில் எஞ்சுபவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்தது முள்ளெலும்பு. தலையும் துடுப்பும் அலைகளால் எங்கெங்கோ அடித்துச் செல்லப்பட்டாலும், முதுகந்தண்டின் கணுக்களாகிய இவற்றுள் ஒன்றிரண்டு எப்படியும் மிஞ்சும். கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலிலும் நிலைமை இதுவேயாகையால், தொல்லுயிர் ஆராய்ச்சியாளர் கையில் முதலில் அகப்படுவதும் பெரும்பாலும் முள்ளெலும்பே.

நல்லவேளையாக, குலத்தை அறிய அதுவே போதுமானது. திமிங்கிலத்தின் முள்ளெலும்பு இருமுனைகளிலும் தட்டையாக இருக்கும். இளம் பிராணியானால் அம்முனைகளில் மெல்லிய எலும்புத் தகடுகள் ஒட்டாமல் தனியே நிற்கும். இக்தியோசாரின் முள்ளெலும்போ, விட்டம் பெரிதாகவும் நீளம் குறைவாகவும் அமைந்த ஒரு வட்டத் தட்டு. அதன் இருபுறமும் ஆழமாகக் குழிந்து, நடுவில் எலும்பு மிக மெல்லியதாகிவிடும். பிளீசியோசாரின் எலும்பு அவ்வளவு குழிவதில்லை. அதைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்தால், இரத்தக் குழாய்கள் உட்புகுந்த இரண்டு சிறு துளைகள் பக்கத்துக்கு ஒன்றாகத் தென்படும். மோசசாரின் எலும்பு முன்புறம் குழிந்து பின்புறம் உருண்டிருக்கும். கைக்கு அடக்கமான ஒரு கல்துண்டைப் புரட்டிப் பார்த்து, இத்தனை கோடி ஆண்டுகளுக்கு அப்பாலிருந்த ஒரு ஜீவனின் குலத்தைச் சில நிமிஷங்களில் கூறிவிட முடிகிறது என்பதை எண்ணும்போது, இந்தச் சாஸ்திரத்தின்மீது எனக்கு உண்டாகும் மதிப்பு எக்காலத்தும் குறைந்ததில்லை.

ஆனால் குலம் வேறு, இனம் வேறு. குலத்தைச் சொல்லும் முள்ளெலும்பு, இனத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் பெரும்பாலும் மௌனம் சாதித்துவிடுகிறது. இதை விளக்க நம் நாட்டுச் சரித்திரத்திலேயே தக்க உதாரணம் உண்டு.

தூத்துக்குடிக் கரையில் காணப்படும் மணற்பாறைகளும் சிப்பிப் பாறைகளும், உள்ளே சிவந்து கிடக்கும் தேரி மணலும், புவியியல் கணக்கில் நேற்றுப் பிறந்தவை. அவற்றில் மேற்சொன்ன குலங்களைத் தேடிப் பயனில்லை. அதற்கு வடக்கே, நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ள அரியலூர்ப் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே கிரிட்டேஷியஸ் யுகத்துக் கடலின் அடிமண் பல படிவுகளாக வெளியே தெரிகிறது. கே, கன்லிஃப் என்னும் இருவர் தென்னிந்தியாவில் சேகரித்து அனுப்பிய சிப்பிகளையும் சங்குகளையும் இங்கிலாந்தில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846 இல் வெளியிட்டபோதுதான் உலகம் இப்படிவுகளின் பெருமையை அறிந்தது. பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதி முழுவதையும் நடந்து அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பிரிவுகளாக வகுத்துத் தம் அறிக்கையை 1862 இல் வெளியிட்டார். இந்த வகுப்புமுறை, திருத்தங்களோடு, இன்றும் வழங்கிவருகிறது. ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்கா என்ற அறிஞர் இங்குள்ள சிப்பி, சங்கு, அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டுப் பிராணி முதலியவற்றை ஒவ்வொன்றாக வருணித்து 1873 வரையில் எழுதிக் குவித்த பெருநூல் தொகுதிகள் இத்துறையில் மூலாதாரமானவை. அடுத்த ஆண்டே அவர் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் மலைகளில் இளம் வயதிலேயே காலமானார். அவர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் நம் நாட்டுத் தொல்லுயிர் சாஸ்திரம் எங்கே சென்றிருக்கும் என்ற ஏக்கம், அந்நூல்களைப் புரட்டும் எவருக்கும் உண்டாகாமல் இராது.

அம்மூன்று பிரிவுகளுள் மூத்ததாகிய ஊட்டத்தூர்ப் பிரிவில் சில முள்ளெலும்புகள் கிடைத்தன. அவற்றை ரிச்சர்ட் லிடெக்கர் பரிசீலித்து, 1879 இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வெளியீட்டில், இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று புதிய பெயர் சூட்டினார். குலத்தைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. ஊட்டத்தூர்ப் பிரிவின் படிவுகள் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளிலிருந்து 9 கோடி ஆண்டுகள் வரையில் முதுமையுடையவை. இக்தியோசார் குலம் பூமியிலிருந்து மறைந்ததும் ஏறக்குறைய அக்காலத்தின் பிற்பகுதியில்தான். எனவே நம் திருச்சிச் சீமைக் கடலில் நீந்தியவை அக்குலத்தின் கடைசித் தலைமுறைகளுள் அடங்கும் என்பது எவருக்கும் ஆர்வமூட்டும் செய்தி. ஆனால் அவர் இட்ட இனப் பெயர் நிலைக்கவில்லை. அம்முள்ளெலும்புகளில் காணப்படும் லட்சணங்கள் யாவும், ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதே காலத்தில் வாழ்ந்த பல இக்தியோசார்களுக்குப் பொதுவானவை. இவ்வினத்துக்கே உரியதென்று சுட்டிக்காட்டத்தக்க தனி லட்சணம் ஒன்றும் அவற்றில் இல்லை. ஆகவே பிற்கால அறிஞர்கள் அதனைச் சந்தேகப் பெயர்களின் வரிசையில் சேர்த்துவிட்டனர். கச்சுப் பகுதியில் கிடைத்த தாடைத் துண்டு ஒன்றுக்கு அதே லிடெக்கர் இட்ட பிளீசியோசாரஸ் இண்டிகஸ் என்ற பெயருக்கும் நேர்ந்த கதி இதுவே.

இதற்காக லிடெக்கரைக் குறை கூறுவது நியாயமன்று. ஒவ்வொரு நாட்டில் கிடைத்ததற்கும் தனிப் பெயர் சூட்டுவது அக்காலத்து வழக்கம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேண்டிய முழு எலும்புக்கூடுகள் அன்று கல்கத்தாவிலும் இல்லை, உலகின் பிற பகுதிகளில் தோண்டி எடுக்கப்படவும் இல்லை. நாம் கற்க வேண்டியது வேறு: புதிய இனம் என்ற முடிவு தனியோர் எலும்பைப் பார்த்துக் கிடைப்பதன்று, அறியப்பட்ட எல்லா இனங்களோடும் அதை ஒப்பிட்ட பிறகே கிடைப்பது.

அந்த ஒப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது? 1961 ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நின்றுபோவதற்கு முன், பார்களிலிருந்து எடுத்துவந்த சிப்பிகளில் கிடைத்த முத்துக்களை வணிகர்கள் முதலில் துளைகளின் அளவு படிப்படியாக வேறுபடும் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். அளவால் பிரித்தது அத்துடன் முடிந்தது, அதன்பின்னரே ஒவ்வொரு முத்தையும் கையிலெடுத்து, உருட்சியும் ஒளியும் நிறமும் கண்டு, ஆணிமுத்து எது, கழித்துவிடத்தக்கது எது என்று தேர்ந்தவர்கள் தீர்ப்பளிப்பார்கள். எலும்புகளிலும் அளவென்பது முதற் சல்லடை மட்டுமே. பெரிய எலும்பு பெரிய இனத்தது, சிறியது வேறு இனத்தது என்று எண்ணினால், ஒரே இனத்தின் தாயையும் குட்டியையும் இரண்டு இனங்களாக்கிவிடுவோம்; முற்காலத்தில் இந்தப் பிழை பலமுறை நேர்ந்தது. இக்தியோசார்க் குட்டிக்கு உடலை நோக்கத் தலையும் கண்ணும் பெரியவை. வளர வளர விகிதம் மாறும். பிளீசியோசாரின் இளம்பருவத்தில் முள்ளெலும்பின் உடற்பகுதியும் அதன்மேல் வளைந்து நிற்கும் பகுதியும் தனித்தனியே பிரிந்திருக்கும்; முதிர்ந்தபின் ஒன்றாக இணைந்துவிடும். ஆண், பெண் வேறுபாடும் இருக்கலாம். இவை போதாவென்று, கோடி ஆண்டுகள் மண்ணின் பாரத்தில் அமுங்கிய எலும்பு நசுங்கி உருமாறியும் இருக்கும். வயதால் வந்த வேறுபாடு, பாலால் வந்த வேறுபாடு, தனிப்பிராணியின் இயல்பான வேறுபாடு, நசுங்கலால் வந்த வேறுபாடு ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பின்னும் மிஞ்சி நிற்கும் வேறுபாடு எதுவோ, அதுவே இன வேறுபாடு.

அத்தகைய வேறுபாட்டைத் தாங்கும் உறுப்புகள் மண்டையோடும் துடுப்புக்கால்களும்தாம். மூக்குத் துவாரத்தைச் சூழ்ந்த எலும்புகள் எவை எவற்றைத் தொடுகின்றன, மேற்கை எலும்பின் கீழ்முனையில் எத்தனை எலும்புகள் பொருந்தும் முகங்கள் உள்ளன, துடுப்பினுள் விரல் வரிசைகள் எத்தனை, பல்லின் வேர் எவ்விதம் மடிந்துள்ளது என்பன போன்ற நூற்றுக்கணக்கான கேள்விகளை அட்டவணையாக எழுதி, ஒவ்வோர் இனத்துக்கும் விடை குறித்து, அவற்றைக் கணினியின் துணையால் ஒப்பிட்டு, உறவு முறையைக் கிளைப்படமாக வரைவது இன்றைய முறை. அதன் பின்னர், விலங்கியல் பெயரீட்டின் சர்வதேச விதிகளின்படி, பெயர் முறையாக அச்சேற வேண்டும். பிற இனங்களிலிருந்து இதைப் பிரித்தறியும் லட்சணங்கள் கூறப்பட வேண்டும். எந்த எலும்பை ஆதாரமாகக் கொண்டு பெயரிட்டார்களோ அந்த மூலமாதிரி இன்னதென்றும், இன்ன இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறதென்றும் குறிப்பிடப்பட வேண்டும். லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட பதிப்பிலிருந்து தொடங்கும் இந்தப் பெயரீட்டு முறையில், முந்திய பெயருக்கே உரிமை. பெயர் எவ்வளவு அழகானது, யார் இட்டது என்பவை கணக்கில் வருவதில்லை.

தசையும் தோலுமாகக் கிடைத்த பிராணியிலேயே இக்காரியம் எத்தனை கடினமானது என்பதற்கு, கடலுக்கு அப்பால் இலங்கையிலிருந்து ஒரு சான்று கூறலாம். 1963 ஆம் ஆண்டு கொழும்புக்கு அருகே இரத்மலானைக் கரையில் ஓர் அலகுத் திமிங்கிலம் ஒதுங்கியது. கொழும்பு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த தெரணியகல அதனைப் பரிசீலித்து, மீசோபிளோடான் ஹோட்டாவுலா என்று அதே ஆண்டில் புதிய இனமாக வெளியிட்டார். ஆனால் சில ஆண்டுகளுக்குள் பிற அறிஞர்கள் அது முன்பே பெயர் பெற்ற வேறோர் இனத்தைச் சேர்ந்ததே என்று முடிவு செய்து, அவர் இட்ட பெயரைத் தள்ளிவிட்டனர். அரை நூற்றாண்டு கழித்து 2014 இல், பல நாடுகளில் கிடைத்த மாதிரிகளின் மரபணுவையும் மண்டையோட்டையும் ஒருங்கே ஆராய்ந்தபோது, தெரணியகல சொன்னதே சரியென்று தெரிந்து, அந்த இனம் மீண்டும் உயிர்பெற்றது. அந்த எலும்புகளை யாரும் எறிந்துவிடாமல் ஐம்பது ஆண்டுகள் பாதுகாத்திருந்ததாலேயே இந்த நியாயம் அவருக்குக் கிடைத்தது. இக்தியோசாருக்கோ மரபணு என்ற சாட்சியே கிடையாது. பத்துக் கோடி ஆண்டுகள் அது நிலைத்திருப்பதில்லை. எலும்பின் வடிவம் ஒன்றே அங்கு ஆதாரம்.

வடிவம் மாத்திரம் ஆதாரமாக நிற்கும் இடத்தில் பேரறிஞர்களும் தடுமாறியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையில், தச்சர் ஒருவரின் மகளாகிய மேரி ஆனிங், 1823 இல் முழு பிளீசியோசார் ஒன்றைத் தோண்டி எடுத்தபோது, ஐரோப்பாவே வணங்கிய கூவியே என்னும் அறிஞர், அவ்வளவு நீண்ட கழுத்து எந்தப் பிராணிக்கும் இருக்க முடியாதென்றும், இரண்டு பிராணிகளின் எலும்புகளை யாரோ இணைத்திருக்க வேண்டுமென்றும் சந்தேகித்தார். மறு ஆண்டு விசாரணைக்குப் பின் ஆனிங்கின் நேர்மை நிலைநாட்டப்பட்டது. அமெரிக்காவில் எட்வர்ட் கோப், கான்சாஸிலிருந்து வந்த எலாஸ்மோசாரஸ் எலும்புக்கூட்டை இணைக்கும்போது தலையை வாலின் நுனியில் பொருத்திவிட்டார். 1870 இல் ஜோசப் லெய்டி அப்பிழையை எடுத்துக்காட்டினார்.

நம் நாட்டில் இன்னும் முடிவுபெறாத வழக்கு ஒன்று இருக்கிறது. இவ்வத்தியாயத்திற்கு அதைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை. 1979 ஆம் ஆண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும், திருச்சிராப்பள்ளிப் பிரிவின் படிவுகளில் கண்டெடுத்த எலும்புகளுக்கு டிராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்று பெயரிட்டனர். திராவிட நாட்டின் பெயரையும், இப்பகுதியின் பாறைகளை வகுத்தவரின் குடும்பப் பெயரையும் ஒருங்கே தாங்கியது அது. மண்டையோட்டின் ஒரு பகுதி, பல், இடுப்பெலும்புகள், தகடு போன்ற எலும்புகள் ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டு, முதுகில் தகடுகள் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெகோசார் என்னும் நிலவாழ் டைனோசார் வகையைச் சேர்ந்தது அது என்று அவர்கள் கூறினர். ஸ்டெகோசார்கள் உலகின் பிற பகுதிகளில் மறைந்து வெகுகாலம் கழிந்தபின், ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் தென்னிந்தியாவில் அவை எஞ்சியிருந்தன என்பது இதனால் கிடைத்த வியத்தகு முடிவு. பாடநூல்களும் கலைக்களஞ்சியங்களும் அதை ஏற்று எழுதின.

ஆனால் அப்படிவுகள் கடலின் அடியில் உண்டானவை. நிலப்பிராணியின் சடலத்தை ஆறு கடலுக்கு அடித்துச் செல்வது நடவாத காரியம் அன்று. அதே சீமையைச் சேர்ந்த சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பெருமரமும் அவ்வாறு கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டதுதானே. இருப்பினும், கடற்படிவில் கிடைத்த எலும்பு கடற்பிராணியினுடையதாக இருக்கலாமே என்ற கேள்வி எழுவது இயற்கை. சங்கர் சாட்டர்ஜியும் திரஜ் ருத்ராவும் அந்த எலும்புகளையும் அவை கிடைத்த இடத்தையும் பரிசீலித்து, அவை ஸ்டெகோசாருடையவை அல்ல, சிதைந்துபோன பிளீசியோசாருடையவை என்று 1996 இல் எழுதினர். அதன்படி பார்த்தால், நிலத்தில் நடந்த தகட்டு முதுகு டைனோசார் ஒன்று, நான்கு துடுப்புகளால் நீந்திய கடற்பிராணியாக ஒரு கட்டுரையில் மாறிவிடுகிறது. இம்மாற்றத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டனர் என்றும் சொல்வதற்கில்லை. முதலில் வருணிக்கப்பட்ட எலும்புகள் பிளீசியோசாருக்குப் பொருந்துகின்றனவா என்ற விவாதம் பின்னரும் தொடர்ந்தது. என் கருத்தில், இங்கே இரு கட்சியினரையும்விடப் பெரிய பொறுப்பாளி, வெயிலும் மழையும் அரித்துவிட்ட அந்த எலும்புகளின் நிலையே. மூலமாதிரியின் பரப்பு தெளிவாக இருந்திருந்தால், மேலே நாம் கண்ட இரண்டு சிறு துளைகள் உண்டா இல்லையா என்பது போன்ற எளிய சோதனைகளே வழக்கைத் தீர்த்திருக்கும்.

மூலமாதிரி முற்றிலுமே அழிந்துபோன சம்பவமும் அதே சீமையில் நடந்தது. அரியலூருக்கு அருகே கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு, யாதகிரியும் அய்யாசாமியும் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். அது கடற்பிராணி அன்று, நிலத்து டைனோசார். ஆனால் அதன் கதை நம் பொருளுக்கு உரியது. அந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் சிதைந்து பொடியாகிவிட்டன. உலகில் தோன்றிய பெரிய நிலப்பிராணிகளின் வரிசையில் அதுவும் ஒன்றா என்பதைச் சோதித்து அறிய இன்று எலும்பு இல்லை. களத்தில் எடுத்த பழைய நிழற்படங்கள் 2022 இல் வெளியானது மட்டுமே ஆறுதல். இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததாகக் கருத வேண்டாம். விஞ்ஞானிகள் முதன்முதலில் வருணித்த முழு இக்தியோசார் எலும்புக்கூடு லண்டனில் 1941 இல் விழுந்த குண்டுகளால் அழிந்தது. அதன் பிரதிவார்ப்புகள் யேல் பல்கலைக்கழகத்திலும் பெர்லினிலும் இருப்பதை 2022 இல்தான் டீன் லோமாக்ஸும் ஜூடி மஸாரேயும் அறிவித்தனர். யாரோ ஒருவர் செலவு பாராமல் வார்த்து வைத்த சுண்ண உருவங்கள், மூலம் அழிந்த எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதன் லட்சணங்களைச் சொல்லும் சாட்சிகளாயின.

இவ்விரு அறிஞர்களும் மேற்கொண்ட இன்னொரு பணி, புதிய இனங்கள் பூமியிலிருந்து மட்டுமன்றி அருங்காட்சியகத்தின் பேழைகளிலிருந்தும் கிடைக்கும் என்பதை மெய்ப்பிக்கிறது. டான்காஸ்டர் அருங்காட்சியகத்தில் சுண்ண வார்ப்பு என்று எண்ணி வைத்திருந்த ஒன்று உண்மையான எலும்பு என்று கண்டு, அதன் மேற்கை, தொடை எலும்புகளின் வடிவம் வேறெந்த இனத்திலும் இல்லாதது என்று நிறுவி, அதே வடிவமுடைய வேறு மாதிரிகளையும் தேடிச் சேர்த்து, 2015 இல் இக்தியோசாரஸ் ஆனிங்கே என்ற பெயரை மேரி ஆனிங்கின் நினைவாகச் சூட்டினார்கள். இங்கிலாந்துக் கரையில் 2001 இல் கிடைத்து, கனடாவின் டொரான்டோ அருங்காட்சியகத்தைச் சென்றடைந்த மற்றோர் எலும்புக்கூடு, 2025 இல் சிஃபோடிராகன் என்ற புதிய பெயரைப் பெற்றது. மூக்குத் துவாரத்தை அடுத்த எலும்பு ஒன்றில் கிளைபோல் நீண்ட நுனிகள், வேறெந்த இக்தியோசாரிலும் காணப்படாதவை, அதன் அடையாளமாயின. கண்டெடுத்ததற்கும் பெயரிட்டதற்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்ததைத் தாமதம் என்று நான் சொல்லமாட்டேன். மாறாக, தாடையெலும்பு மட்டுமே கிடைத்தபோதிலும் பெயர் பெற்றது, 2024 இல் வெளியான இக்தியோடைட்டன். ஒரே கரையோரப் பகுதியில், ஒரே காலத்துப் பாறையில், அதே தாடையெலும்பு இரண்டு பிராணிகளில் ஒரே விசேஷ வடிவத்தோடு கிடைத்ததால், அது ஒரு பிராணிக்கு மட்டும் நேர்ந்த விகாரம் என்று தள்ளிவிட முடியாத நிலை உண்டாயிற்று. அதன் நீளம் 25 மீட்டர் இருக்கலாம் என்பது அனுமானம்.

இந்தியாவில் அண்மையில் நடந்தவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது கச்சுப் பகுதியின் லோடாய் கிராமத்துக் கண்டுபிடிப்பு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிரசாத் தலைமையில் இந்திய, ஜெர்மானிய அறிஞர்கள், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஜுராசிக் யுகப் படிவில், தலை முதல் வால் வரை பெரும்பகுதி எஞ்சிய, சுமார் 5.5 மீட்டர் நீளமுள்ள இக்தியோசார் ஒன்றைத் தோண்டி எடுத்து, 2017 அக்டோபரில் வெளியிட்டனர். ஜுராசிக் யுக இக்தியோசார் இந்தியாவில் கிடைத்தது அதுவே முதன்முறை. அதன் பற்கள் மிகவும் தேய்ந்திருந்தமையால், ஓடும் செதிலுமாகக் கடினமான உணவை அது கடித்து உண்டது என்று அறிந்தனர். முத்துப் பார்களில் திருக்கை மீன்கள் சிப்பிகளை நொறுக்கித் தின்று சலாபத்தையே கெடுத்துவிடுவதைக் கண்டறிந்த நம் கடலோரத்தார்க்கு, பல்லின் தேய்மானத்திலிருந்து உணவை ஊகிக்கும் இம்முறை அந்நியமாகத் தோன்றாது. அவ்வளவு நிறைவான எலும்புக்கூடு கிடைத்தும், இன்ன குடும்பம் என்ற அளவில் நின்று, இனப் பெயர் சூட்டாமல் விட்டனர் அவர்கள். மண்டையோட்டின் தக்க பகுதிகள் தெளிவாக இல்லாதபோது, நாடும் பத்திரிகைகளும் ஒரு புதிய பெயருக்காகக் காத்திருக்கும்போது, அதனைக் கொடாமல் இருப்பதற்கு மிகுந்த மனத்திண்மை வேண்டும். அந்தத் திண்மையை நான் பெரிதும் போற்றுகிறேன்.

நம் ஊட்டத்தூர்ப் பிரிவில் இதுபோன்ற எலும்புக்கூடு ஒன்று என்றேனும் கிடைக்கலாம். காரை என்னும் ஊருக்கு அருகே அரிப்பால் ஓடையோடையாகப் பிளந்து கிடக்கும் செம்மண்ணும் களிமண்ணும் ஒவ்வொரு மழைக்கும் புதிய பரப்பைக் காட்டுகின்றன. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லோ சிமெண்டு ஆலைகளுக்கு நாள்தோறும் வெட்டிச் செல்லப்படுகிறது. அதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சுரங்கம் வெட்டாவிடில் உள்ளிருப்பது வெளிப்படுவதுமில்லை. ஆனால் வெட்டுகிறவர் கண்ணில் படும் எலும்பு, அரைவைக்குப் போகாமல் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ, ஆய்வுத்துறைக்கோ போய்ச் சேர வேண்டும். எடுத்தவர் அதைக் கழுவித் துடைத்து அழகுபடுத்த வேண்டியதில்லை. எந்த இடத்தில், எந்தப் படிவில், எந்த அம்மோனைட்டுகளோடு சேர்ந்து கிடைத்தது என்று குறித்துவைத்தால் போதும். அம்மோனைட்டு வகைகள் குறுகிய காலத்துக்குள் தோன்றி மறைந்தவையாகையால், பக்கத்தில் கிடக்கும் ஒரு சுருள் ஓடு எலும்பின் வயதைச் சொல்லிவிடும். அந்தக் குறிப்பு இல்லாத எலும்பு, எத்தனை பெரிதானாலும் பாதி ஊமை.

அப்படி ஒரு முழு எலும்புக்கூடு மண்டையோடும் துடுப்புமாகக் கிடைத்தால், லிடெக்கரின் பழைய பெயருக்கு என்ன நேரும் என்பது சுவையான பிரச்சினை. முன்பு கிடைத்த முள்ளெலும்புகளுக்குத் தனி லட்சணம் இல்லையாகையால், புதிய எலும்புக்கூடும் அவையும் ஒரே இனத்தவை என்று நிரூபிக்க வழியில்லை. ஆகவே புதிதாகப் பெயரிடுவதே பொதுவழக்கு. வேறொரு வழியும் விதிகளில் உண்டு. லட்சணமற்ற மூலமாதிரிக்குப் பதிலாக, அதே பகுதியில் கிடைத்த நல்ல மாதிரி ஒன்றை மூலமாக ஏற்குமாறு விலங்கியல் பெயரீட்டுச் சர்வதேச ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். அவர்கள் அதனை வெளியிட்டு, பிற அறிஞர்களின் கருத்தைக் கேட்டு, வாக்கெடுத்துத் தீர்ப்பளிப்பார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டால், 1879 இல் ஊட்டத்தூர் எலும்புகளுக்கு லிடெக்கர் இட்ட இண்டிகஸ் என்னும் இனப் பெயர், பேரினப் பெயர் மாறியபோதிலும், சந்தேக வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு, நம் கடலில் வாழ்ந்த அந்தப் பிராணிக்கே உரியதாகும்.